மூச்சும் முழங்காலும்

பனித் தளம்
பிப்ரவரி 3

சகலைக்கு,

நம் வீட்டு அக்காவும் தங்கையும் சேர்ந்து உத்தரவு போட்டிருப்பதால் எழுதுகிறேன். தொலைபேசியில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நாம் இருவரும் கத்தத் தொடங்கிவிடுகிறோமாம். "எழுதினா கத்த முடியாது பாருங்க" என்றாள் தங்கையான என் மனைவி. கத்த முடியாதுதான். முறைக்க முடியும். இதை முறைத்துக்கொண்டே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து வருடமாக மணல் தளத்தில் ஓட்டியவனை இங்கே அனுப்பிவிட்டு, இங்கே ஓட்டிய உங்களை அங்கே அழைத்துக்கொண்டது கம்பெனி. பத்து வாரம். உங்கள் வீட்டில் நான் தனியாக; என் வீட்டில் நீங்களும் உங்கள் மனைவியும், கூடவே என் மனைவியும். அக்காவின் நெஞ்சு இன்னொரு குளிர்காலத்தைத் தாங்காது என்று டாக்டர் சொன்னதால்தான் ஒப்புக்கொண்டேன். "வெயிலில் விமானம் ஓட்டுவது சைக்கிள் ஓட்டுவது மாதிரி" என்று கல்யாண வீட்டில் அத்தனை பேர் முன்னால் நீங்கள் சொன்னதை நான் மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

விமானம் அதேதான். ஒற்றை டர்பைன் என்ஜின், ஒன்பது இருக்கை, என் விமானத்தின் கூடப்பிறந்தது. ஆனால் வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. இறங்கியதும் உங்கள் மெக்கானிக் பேட்டரியைக் கழற்றி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போகிறாள். எதைப் பார்த்தாலும் போர்த்திவிடுவதால் எல்லோரும் அவளைக் கம்பளி என்கிறார்கள். அடுப்பருகே இருந்த இடத்தில் நான் உட்காரப் போனேன். "சார், அது பேட்டரியோட இடம். அதுக்கு அப்புறம்தான் நீங்க" என்றாள்.

இன்னொன்று. கருவிப் பலகையில் டார்க் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நாடா ஒட்டி வைத்திருக்கிறீர்கள். எனக்காக ஒட்டியது என்று கம்பளி சொன்னாள். ஒன்பதாயிரம் மணி நேரம் ஓட்டியவனுக்கு எந்த முள்ளைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். கிழித்துப் போட்டுவிட்டேன்.

மேலாளரின் நிபந்தனை நினைவிருக்கட்டும். விமானத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் இருவரும் அன்றே அவரவர் இடத்துக்குத் திரும்ப வேண்டும். என் பக்கம் விழாது. உங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சகலை


மணல் தளம்
பிப்ரவரி 12

அன்புள்ள சகலை,

முறைத்துக்கொண்டே எழுதினாலும் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

முதலில் நல்ல செய்தி. உங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு முப்பத்திரண்டு படி. நேற்று என் மனைவி துணி காயப்போட அதில் ஏறினாள். பாதியில் நிற்பாள் என்று நான் கீழே நாற்காலியோடு காத்திருந்தேன். நிற்கவில்லை. மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "நாற்காலிய எதுக்குத் தூக்கிட்டு நிக்கிறீங்க? சர்க்கஸா?" என்றாள். நான்கு வருடத்தில் அவள் ஒரே மூச்சில் ஏறிய முதல் மாடி இது.

உங்கள் மனைவியும் நலம். ஆனால் அவள் அறையில் இருக்கும் அந்த மேசை மின்விசிறி! இரவு முழுக்க கடகடவென்று தகர வண்டி மாதிரி ஓடுகிறது. நிறுத்தினால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வருகிறது: "அத்தான், அதுல கை வைக்காதீங்க! அந்தச் சத்தம் இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது." எனக்கோ அது இருந்தால் வராது.

நாற்பத்து நான்கு டிகிரி. விமானத்தின் கதவைத் தொட்டுவிட்டுக் கையை உதறினேன். முதல் நாளே ஒரு மானக்கேடு. எங்கள் ஊர் வழக்கப்படி விடியற்காலையில் டாங்கியை விளிம்பு வரை நிரப்பச் சொன்னேன். எண்ணெய் நிரப்புகிறவர், சொட்டு என்கிறீர்களே, அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; நான் கேட்கவில்லை. பத்து மணிக்கு இறக்கையிலிருந்து எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. பாலைப் பாத்திரம் நிறைய ஊற்றி அடுப்பில் வைத்தவன் கதைதான். சொட்டு ஒரு வாளியை நீட்டிக்கொண்டே, "எங்க ஊர்ல எண்ணெய்கூட கால நீட்டித்தான் படுக்கும் சார்" என்றார்.

நாடாவைப் பற்றி ஒரு வார்த்தை. பாடம் எடுப்பதாக நினைக்க வேண்டாம். இது எனக்கே நான் சொல்லிக்கொள்வது. என்ஜினை மாடி ஏறும் ஒரு மனிதனாக வைத்துக்கொள்ளுங்கள். வெப்ப முள் அவன் மூச்சு. புரொப்பெல்லர் எவ்வளவு பலமாக முறுக்கப்படுகிறது என்று காட்டும் டார்க் முள் அவன் முழங்கால். வெயிலில் அவனுக்கு முதலில் மூச்சு வாங்கும், கால் தாங்கும். அதனால் வெயிலில் ஓட்டுகிறவன் வெப்ப முள்ளையே பார்த்துப் பழகுகிறான். குளிரில் மூச்சு வாங்கவே வாங்காது. அவன் ஓடு ஓடு என்று ஓடுவான், முழங்கால் போகும் வரை. அங்கே உங்கள் கண் எந்தப் பக்கம் போகும் என்ற கவலையில்தான் நாடாவை ஒட்டினேன். இங்கே என் கண் தப்பான முள்ளுக்குத்தான் போகிறது. முதல் மூன்று நாளும் போனது. நீங்கள் எனக்கு ஒரு நாடா ஒட்டி வைத்திருக்கலாம்.

அன்புடன்,
சகலை


பனித் தளம்
பிப்ரவரி 21

சகலைக்கு,

உங்கள் முழங்கால் உதாரணம் நாலாம் வகுப்புக்குப் பொருந்தும். எண்ணெய் ஒழுகிய கதையைக் கம்பளிக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துப் புரையேறி, கடைசியில் எனக்கும் ஒரு போர்வையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இங்கே வேலையைச் சொல்கிறேன். காலையில் ஒன்றரை மணி நேரம் என்ஜினுக்குச் சூடு காட்ட வேண்டும். ஹீட்டர் குழாயை மூக்குக்குள் விட்டு, மேலே போர்வையைப் போட்டு மூடுகிறோம், சளிக்கு ஆவி பிடிப்பது போல. இறக்கையில் உறைபனி உப்புத்தாள் மாதிரி படிந்திருக்கிறது. நீங்கள் விட்டுப்போன கயிற்றை இறக்கையின் மேல் போட்டு, நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக மரம் அறுப்பது போல இழுக்கிறோம். மெல்லிய படலம்தானே, பறக்கும்போது போய்விடும் என்றேன் முதல் நாள். "அது போகாது சார். நாமதான் போவோம்" என்றாள். இறங்கியதும் சக்கரத்துக்கு அடியில் பலகை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உயரம் காட்டும் கருவியைக்கூட இங்கே நம்ப முடியாது. குளிர்ந்த காற்றில் அது இருப்பதைவிடக் கூட்டித்தான் காட்டுகிறது. மலை மேல் போகும்போது கணக்குப் போட்டுக் கழிக்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் புகாராகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அங்கே மதிய வெயிலில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ரன்வே முடியும் வரை மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். "இந்தப் பெட்டியை இறக்குங்க, அந்தப் பெரியவர் அடுத்த தடவை வரட்டும்" என்று பதினைந்து வருடம் மனிதர்களிடம் கெஞ்சியிருக்கிறேன். இங்கே ஒன்பது பேரும் பெட்டியுமாக, ரன்வேயில் மூன்றில் ஒரு பங்கு போவதற்குள் கட்டவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி துள்ளி ஏறுகிறது. இந்த விமானத்துக்கு இப்படி ஒரு குணம் இருப்பதே எனக்குத் தெரியாது.

வீட்டில் சத்தமே இல்லை. பனி எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. தூக்கம் சரியில்லை.

முப்பத்திரண்டு படி என்றா எழுதியிருந்தீர்கள்? இங்கிருந்தே மனசுக்குள் ஏறி எண்ணிப் பார்த்தேன். முப்பத்து மூன்று. ஒன்று உடைந்திருக்கிறது, அக்காவைப் பார்த்து ஏறச் சொல்லுங்கள்.

சகலை


மணல் தளம்
மார்ச் 2

அன்புள்ள சகலை,

உடைந்த படியை நேற்றுச் சிமெண்டு வைத்துப் பூசிவிட்டேன். இப்போது முப்பத்து மூன்று.

இதைப் படித்துச் சிரிக்க உங்களுக்கு முழு அனுமதி உண்டு. அக்கா தங்கை தபாலில் உங்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன்.

சுரங்கத்தின் பக்கத்து ஓடுதளத்துக்குப் போன வாரம் ஒரு பள்ளிக்கூட டீச்சரையும் பன்னிரண்டு பெட்டிக் கோழிக்குஞ்சுகளையும் ஏற்றிக்கொண்டு போனேன். டீச்சரை இறக்கிவிட்டேன். குஞ்சுகளை வாங்க வேண்டியவர் வரவில்லை. அடுத்த ஓடுதளத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அதுவரை ஒரு கால் மணி நேரம் ஓய்வு. நான் என்ன செய்தேன் தெரியுமா? இறங்கியதும் கை தானாகப் போய் என்ஜினின் மூக்கு, வாய் எல்லாவற்றையும் அடைத்துப் போர்வையைப் போட்டு இழுத்துக் கட்டிவிட்டது. இருபது வருடப் பழக்கம். இறங்கினால் சூட்டைப் பொத்திவை! நாற்பத்தைந்து டிகிரியில்!

கிளம்பும்போது போர்வையை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். உள்ளே அடைபட்டிருந்த சூட்டோடு புதுச் சூடும் சேர்ந்துகொண்டு வெப்ப முள் விறுவிறுவென்று ஏறியது. சிவப்புக் கோட்டுக்கு முன்னாலேயே எண்ணெயை அடைத்துவிட்டேன். கோட்டைத் தொடவில்லை. சத்தியம். என்ஜினை வெறுமனே சுற்றவிட்டுக் காற்றால் குளிரவைத்தேன். அதற்குள் பேட்டரி மூச்சை விட்டுவிட்டது. வேறு பேட்டரி வந்து சேர ஐந்து மணி நேரம். டீச்சர் தன் பள்ளிக்கூட வராந்தாவைத் திறந்துவிட, பன்னிரண்டு பெட்டியையும் நிழலில் வைத்து, ஈரச் சாக்கைப் போட்டு, நான் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன். வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். "டீச்சர், பைலட்டுன்னா கோழிக்கு விசிறுறவரா?" என்று ஒரு பெண் கேட்டாள். டீச்சர் கொஞ்சம் யோசித்து, "இன்னைக்கு ஆமா" என்றார்.

ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. நடந்ததை லாக் புத்தகத்தில் எழுதி மேலாளருக்கும் அனுப்பிவிட்டேன். கோட்டைத் தாண்டாததால் கீறல் இல்லை என்று பதில் வந்தது. வரும் வரை இரண்டு நாள் நான் சாப்பிட்டது எனக்கு நினைவில்லை.

இந்த வாரம் என் மனைவி முப்பத்து மூன்று படியையும் பேசிக்கொண்டே ஏறுகிறாள். அதுவும் என்னைத் திட்டிக்கொண்டே.

அன்புடன்,
சகலை


பனித் தளம்
மார்ச் 10

சகலைக்கு,

சிரிக்கவில்லை.

நேற்று முன்தினம் நடந்ததைச் சொல்கிறேன். உறைந்த ஏரியின் மேல் ரன்வே. பனிக்காற்று ஒரு பக்கத்தை மூடியிருந்ததால் நீளம் குறைவு. ஒரு பல் டாக்டரும் அவருடைய கருவிப் பெட்டிகளும். லீவரை முன்னால் தள்ளினேன். கண் வெப்ப முள்ளில் இருந்தது. அது கீழே, சோம்பேறி மாதிரிப் படுத்திருந்தது. இன்னும் இடம் இருக்கிறதே என்று தள்ளினேன். இன்னும் தள்ளினேன். விமானம் துள்ளிய துள்ளலில் ஏதோ தப்பு என்று முதுகுக்குத் தெரிந்தது. டார்க் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. நான்கு விநாடி இருக்கும். ஐந்தாகவும் இருக்கலாம். உடனே இழுத்துவிட்டேன்.

நாடாவைக் கிழித்த இடத்தில் கொஞ்சம் பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கேதான் முள் நின்றது.

பல் டாக்டர் பின்னாலிருந்து கை தட்டினார். "என்ன ஏத்தம் சார்! பிரமாதம்!"

இந்த விமானத்தில் இருப்பது பழைய முள் கருவிகள், எதுவும் பதிவாகாது. பார்த்தவன் நான் ஒருவன்தான். இறங்கியதிலிருந்து பனிக்காற்று. விமானம் கட்டிப்போட்டபடி நிற்கிறது, எனக்குத் தவணை கொடுத்தது போல. லாக் புத்தகம் மேசையில் திறந்திருக்கிறது. நான் எழுதினால் கியர்பாக்ஸைச் சோதிக்க வேண்டும், மேலாளருக்கும் தெரிந்துவிடும். உங்களுடையது போல இல்லை, இது கோட்டைத் தாண்டியது. நாம் இருவரும் திரும்ப வேண்டும். இங்கே இப்போது மைனஸ் முப்பத்தொன்று. அக்கா இந்தக் காற்றைத்தான் இழுத்து மூச்சு விட வேண்டும்.

எழுதாவிட்டால் ஐந்து வாரத்தில் யாருக்கும் தெரியாமல் எல்லாம் நல்லபடியாக முடியும். அநேகமாக. அந்த 'அநேகமாக'வைத்தான் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தொலைபேசியில் கத்திப் பேசும் விஷயமில்லை, உங்களை எழுதிக் கேட்கலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். பதில் வர ஒரு வாரம் ஆகும்.

*

மேலே உள்ளதை எழுதிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு இறக்கையில் பனி தள்ளப் போனேன். கம்பளியும் வந்தாள். நாளைக்குக் காற்று அடங்கினால் அவளும் வருகிறாளாம். அக்கரையில் அவளுடைய தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்க வேண்டுமாம். "என்ஜினை ஒரு தடவை பார்த்துவிடுகிறாயா?" என்றேன். "பாக்குறதெல்லாம் பார்த்தாச்சு சார். புத்தகத்துல ஒண்ணும் எழுதலையே நீங்க. நீங்க எழுதலன்னா ஒண்ணும் இல்லேன்னுதானே அர்த்தம்? நான் கண்ண மூடிட்டு ஏறுவேன்" என்றாள்.

உள்ளே வந்து எழுதிவிட்டேன். எத்தனை விநாடி என்பதையும், எந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்து எழுதினேன். அவளையும் கூப்பிட்டுக் காட்டினேன். படித்தாள். அடுப்பருகே இருந்த பேட்டரியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் செய்தாள்.

அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

சகலை


மணல் தளம்
மார்ச் 18

அன்புள்ள சகலை,

நான் சொல்லவில்லை. கடிதத்தை அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டேன். இரண்டு முறை படித்தாள். பிறகு, "என் மூச்சுக்காக ஒருத்தர் எழுதாம விட்டிருந்தா, அந்த மூச்ச விடவே எனக்குக் கூச்சமா இருந்திருக்கும்" என்றாள். எழுந்து போய்ப் பரணிலிருந்து கம்பளிச் சட்டைகளை எடுத்து மாடியில் வெயிலில் போட்டாள். முப்பத்து மூன்று படி. நானும் கூடவே ஏறினேன். மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

மேலாளரிடமிருந்து இங்கே இன்னும் எதுவும் வரவில்லை. வருவது வரட்டும். பெட்டிகளைத் தயார் செய்யும் வேலை பெண்களுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்டி கட்டும்போது அக்காவும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மடிப்பதைப் பார்த்துவிட்டு, நானே உட்கார்ந்து மடிக்கிறேன்.

எனக்கும் எழுதாமல் விட்ட ஒன்று பாக்கியிருக்கிறது. கல்யாண வீட்டில் நான் சொன்ன சைக்கிள் பேச்சு. இங்கே வந்த மூன்றாம் நாள் மதியம் ரன்வே முடிவில் ஒரு கள்ளிச் செடி என் சக்கரத்துக்கு அடியில் ஒரு சாண் இடைவெளியில் போனது. அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இது சைக்கிள் இல்லை. நீங்கள் பதினைந்து வருடம் இதைச் செய்தீர்கள், ஒரு கீறலும் இல்லாமல். மன்னித்துவிடுங்கள்.

சகலை


பனித் தளம்
மார்ச் 27

சகலைக்கு,

சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பளி கியர்பாக்ஸ் எண்ணெயை வடித்து, வடிகட்டியைக் கழற்றி, வெள்ளைத் துணியில் விரித்துப் பார்த்தாள். உலோகத் துகள் ஒன்றுகூட இல்லை. துகளைப் பிடிக்க உள்ளே இருக்கும் காந்தமும் சுத்தம். எத்தனை விநாடி, எவ்வளவு தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்று கையேட்டில் ஓர் அட்டவணை இருக்கிறதல்லவா? அதில் நான் 'சோதித்துவிட்டுப் பறக்கலாம்' கட்டத்துக்குள் வருகிறேன். மேலாளர் தொலைபேசியில் என்னை அரை மணி நேரம் திட்டினார். கடைசியில், "கீறல் இல்லையே, அப்புறம் என்ன? ஏப்ரல் பதினைந்து வரைக்கும் இருங்க" என்றார். அதற்குப் பிறகும் மாற்றம் நிரந்தரமாக வேண்டுமானால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வேண்டுமாம்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

உடனே கண் கலங்க வேண்டாம். இது உங்களுக்காக இல்லை. எனக்கு அந்த வெயில் சலித்துவிட்டது. மனிதர்களை ரன்வேயில் இறக்கிவிட்டுப் போவது சலித்துவிட்டது. சொட்டின் நகைச்சுவையும் சலித்துவிட்டது. தவிர, உங்கள் வீட்டு அடுப்பு புகைகிறது, ஜன்னல் கதவு சாத்தவில்லை, யாராவது ஒருவர் இருந்து சரிசெய்துதான் ஆக வேண்டும்.

சகலை


மணல் தளம்
ஏப்ரல் 4

சகலை,

தாள் என் முன்னால் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. போடவில்லை.

இரக்கப்பட்டுக் கொடுத்தது என்றால் வேண்டாம் என்கிறாள் என் மனைவி. "அவரு பொய் சொல்லும்போது மட்டும்தான் இத்தனை காரணம் சொல்வாரு" என்கிறாள் உங்கள் மனைவி. சரி, உன் விருப்பம் என்ன என்று அவளைக் கேட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டே, "பதினஞ்சு வருஷம் வேர்த்தாச்சு அத்தான். ஒரு நாளாவது போத்திக்கிட்டுத் தூங்கணும்னு எனக்கும் ஆசை இருக்காதா? யாரு கேட்டா?" என்றாள். அக்கா அழத் தொடங்கினாள். தங்கை, "அட, வருஷத்துக்கு ரெண்டு தடவ சரக்கு விமானத்துல வந்துட்டுப் போறேன், டிக்கெட்டா எடுக்கணும்?" என்று அவளைத் தேற்றினாள்.

ஆக, மூன்று பேர் மனசும் தெரிந்துவிட்டது. உங்களுடையதுதான் பாக்கி. காரணங்கள் வேண்டாம். லாக் புத்தகத்தில் எழுதுவது போல ஒரே ஒரு வரி உண்மையை எழுதுங்கள். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

சகலை


பனித் தளம்
ஏப்ரல் 12

அன்புள்ள சகலை,

உண்மை இதுதான்: இங்கே ஒவ்வொரு நாளும் விமானம் மேலே ஏறும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஐம்பது வயதுக்காரன் தனியாகச் சிரிக்கிறான் என்று வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் அடுப்பையும் ஜன்னலையும் எழுதினேன். அக்காவிடம் படித்துக் காட்டுங்கள். படியைப் பார்த்து ஏறச் சொல்லுங்கள்.

உங்கள் சிவப்பு நாடா ஒரு சுருள் கம்பளியிடம் இருந்தது. வாங்கி அதே இடத்தில் ஒட்டிவிட்டேன். மிச்சத்தை இத்துடன் அனுப்புகிறேன். அங்கே வெப்ப முள்ளுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

என் மனைவி வரும்போது பெரிய பெட்டிகளைச் சரக்கு விமானத்தில் போடுங்கள். அந்த மேசை மின்விசிறியை மட்டும் துணி சுற்றி அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மைனஸ் முப்பதில் மின்விசிறியா என்று கம்பளி கேட்பாள். கேட்கட்டும். அந்தச் சத்தம் இல்லாமல் இந்த வீட்டில் இரண்டு பேரும் தூங்க முடியாது.

உங்கள் சகலை